தடிமனுக்கு ஆகாதவை

மகளின் கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிப் படம் இருக்கும் பக்கத்தை நான் திறந்து பார்க்காத நாள் இல்லை. பச்சை, இளம்பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று நிறப் பட்டைகள் இடமிருந்து வலமாக வளைந்து ஏறும். மாதத்துக்கு ஒருமுறை நிறை பார்த்து மிட்வைஃப் மிஸ் அதில் ஒரு புள்ளி வைப்பார். முந்தின மாதப் புள்ளியோடு அதைக் கோடு இழுத்துச் சேர்ப்பார். ஒன்றேகால் வயது வரை பச்சைக்குள் ஒழுங்காக ஏறிய கோடு அதற்குப் பிறகு சோர்ந்தது. கடைசி இரண்டு மாதம் ஏறவே இல்லை, நேராகப் படுத்துவிட்டது. பட்டைகள் தம்பாட்டில் மேலே போக, மகளின் புள்ளி செம்மஞ்சளின் ஓரத்துக்கு வந்து நின்றது.

"அம்மா, பாப்பா இந்த மாசமும் கூடல்ல," என்றார் மிஸ். சிங்களப் பெண். கட்டுகஸ்தோட்டையில் வருடக்கணக்காக வீடு வீடாக ஏறி இறங்கித் தமிழ் பழகியவர். "அடுத்த மாசமும் இப்படித்தான்னா நான் பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதணும். பயப்பட வேணாம். பாக்கத்தானே?"

பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் தொடங்கும்.

காரணம் எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். தடிமன். மகளுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சளி பிடித்துத் தடிமன் வந்தது. வந்தால் நாலைந்து நாள் மூக்கடைப்பு. மூக்கடைத்த பிள்ளைக்கு மெல்லவும் வேண்டும், வாயால் மூச்சும் விட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரியாமல் கரண்டியைத் தட்டிவிடும். தேறி இரண்டு வாரம் சாப்பிடும். அதற்குள் அடுத்தது. ஆகவே தடிமனை நிறுத்தினால் கோடு ஏறும். கணக்கு அவ்வளவுதான். அடுத்த கிளினிக்குக்கு நான்கு வாரம் இருந்தது.

பிள்ளை பிறக்கும்வரை நான் ஒரு தனியார் பாடசாலையில் ஏழாம், எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். தடிமன் வைரசால் வருவது, அதைக் கொல்ல மருந்து இல்லை, தானாக வந்து தானாகப் போகும் என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிஸ்ஸும் டொக்டரும் அதையேதான் சொன்னார்கள். சிறு பிள்ளைக்குத் தடிமன் சிரப் கொடுக்கக் கூடாது, தண்ணீராகாரம் கொடுங்கள், மூச்சு வேகமாக இழுத்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வைரஸ் தானாகப் போகக் காத்திருப்பது படிப்பிப்பதற்குச் சுலபம். ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கேட்டது கம்பளையில் இருக்கும் அண்ணியிடம். என் கணவரின் அக்கா. அவரும் அவருடைய கணவரும் ரெயில்வே ஸ்டேசன் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். போன் எடுத்தால் பின்னால் எப்போதும் யாராவது அரைக் கிலோ பருப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"புள்ளைக்கு வாழப்பழம் குடுத்தியா?" இதுதான் அண்ணியின் முதல் கேள்வி.

"காலையில ஒன்னு குடுத்தேன் அண்ணி."

"அதான். பழம் குளிர்ச்சிம்மா. தயிர், எளநி, வெள்ளரிக்கா, தோடம்பழம், பூசணி எதுவுமே ஆவாது. தலைக்கு ஊத்தாத. கொத்தமல்லிய லேசா வறுத்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு அவி. கித்துள் கருப்பட்டி கொஞ்சம் போட்டுக் குடு. கற்பூரவள்ளி எலைய அனல்ல வாட்டி, சாறு புழிஞ்சு, தேன்ல ரெண்டு சொட்டு."

அதற்கு மேலும் என்னவோ சொன்னார். கடையில் ஆள் வந்ததால் பேச்சு பாதியில் நின்றது. ஒரு பழைய கொப்பியின் பின்தாளில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது, கீழ் வீட்டு அக்கா. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், கீழே வீட்டுக்காரர். அவருடைய கணவருக்குப் பாலத்தடியில் துணிக்கடை. பாடசாலை போகும் மூன்று பிள்ளைகள். மூன்றும் மாலையில் வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடிவந்து என் மகளைத் தூக்கும். அக்காவுக்கு என் மகளை 'மூணாவதுக்கு அடுத்தது' என்றுதான் சொல்லத் தெரியும்.

"தடிமன் புடிச்சா நான் முட்ட குடுக்கிறல்ல," என்றார். "முட்ட சளியக் கட்டியாக்கும். பொரிச்சது ஒன்னும் வாணாம். பருப்பும் வாணாம், கடலையும் வாணாம். கருஞ்சீரகம் ஈக்கிதா ஒங்கட ஊட்டுல? இல்லாட்டி நான் தாறன். நல்லாப் பொடிச்சு ஒரு சிட்டிக தேன்ல கொழச்சு நாக்குல தடவுங்க. எங்கட மூணும் அதுலதான் வளந்த."

"ஒரு வயசு தாண்டினா தேன் குடுக்கலாந்தானே அக்கா?"

"ஒரு வயசுக்கு முந்தி வாணாம்டு கிளினிக்ல சொல்லுவாங்க. இது தாண்டிட்டுதானே. டீச்சரா இருந்த ஆள் நீங்க, என்னட்ட கேக்கிறீங்க!"

மூன்றாவது, சந்தைக்கு எதிரே மூலிகை மருந்துக் கடை வைத்திருக்கும் சிங்களவர். அங்கே பஸ்பங்குவ என்ற பொட்டலம் கிடைக்கும். ஐந்து சரக்கு சேர்ந்தது என்று அர்த்தம். கடதாசியைப் பிரித்து ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டேன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் பார்த்தவுடன் தெரிந்தன. மற்றவற்றுக்கு அவர் சொன்ன சிங்களப் பெயர்களை வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் சொன்ன கட்டுவெல்பட்டு நம் கண்டங்கத்தரி, பத்படகம் நம் பற்பாடகம், திப்பிலி இரண்டு மொழியிலும் திப்பிலியே. பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு வேறு பெயர் சொல்லி ஒரே செடியைத்தான் எல்லோரும் அவித்துக் குடிக்கிறோம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று முழுவதும் யாரிடம் சொல்லலாம் என்று காத்திருந்து, கணவர் வேலைவிட்டு வந்ததும் சொன்னேன். அவர் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞர். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அப்ப ஒத்துமைக்கு ஒரு வழி இருக்கு," என்றார்.

பொட்டலத்தைச் சுற்றிக் கட்டும்போது கடைக்காரர் விரலை ஆட்டினார். "கிரி எப்பா, நோனா." பால் வேண்டாம் என்றார். மருந்து குடிக்கிற நாட்களில் பால், புளிப்பான பழம், தக்காளி, அன்னாசி, சூட்டு மீன் என்று அவர் ஒதுக்கிவைத்த பலயா, கெலவல்லா எதுவும் கூடாது. பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் மருந்தும் கூடாது. பிறகு சிரித்து, வேறு ஏதோ நீளமாகச் சொன்னார். பஸ் வந்துவிட்டதால் நான் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒழுங்காக எழுதினேன். தலைப்பு: தடிமனுக்கு ஆகாதவை. பழங்கள், மரக்கறி, மீன் முட்டை, பால் வகை, மற்றவை என்று பிரித்து எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். யாருடைய சொல்லையும் நான் மீறவில்லை என்று நிம்மதியாக இருந்தது. ஒருவர் வேண்டாம் என்றதை இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும் எழுதினேன். தெரியாமல் கொடுத்து ஏதாவது ஆனால்? ஒரு சந்தேகம் என்றால் கொடுக்காமல் விடுவதுதானே பாதுகாப்பு?

கணவர் அன்றிரவு சாப்பிடுவதற்கு முன் பிரிட்ஜின் முன்னால் நின்று முழுவதையும் வாசித்தார்.

"இன்னும் ரெண்டு பேருகிட்ட கேளு," என்றார். "தண்ணியும் தள்ளிடலாம்."

"நீங்க சிரிங்க. கிளினிக்ல போய் நிக்கிறது நான்தானே."

அவர் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டார்.

வரவிடாமல் தடுப்பதற்குத்தான் இவ்வளவும். ஆனால் அந்த வாரக் கடைசியிலேயே தடிமன் வந்தது. சனிக்கிழமை காலையில் மகள் எழுந்தபோது மேலுதட்டில் தெளிந்த நீர் வழிந்திருந்தது. மகாவலி ஆற்றுக்கு மேல் பனி எழும்பி பாலத்தின் பாதி மறைந்திருந்த காலை அது. குளிரால் வந்தது என்று அண்ணி போனில் சொன்னார். கீழ் வீட்டில் மூன்று பிள்ளைகளும் முந்தின நாளிலிருந்து தும்மிக்கொண்டிருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கீழ் வீட்டாரைக் குறை சொன்னதாகிவிடும்.

தாளைப் பின்பற்றினேன். கொத்தமல்லி வறுத்து அவித்தேன். கற்பூரவள்ளிச் சாறு இரண்டு சொட்டு. கருஞ்சீரகம் ஒரு சிட்டிகை. பஸ்பங்குவ ஒரு தேக்கரண்டி. நான்கையும் ஒரே நாளில் கொடுக்கலாமா என்று யோசித்து, இன்று ஒன்று, மறுநாள் ஒன்று என்று மாற்றினேன். ஆவி பிடிப்பது பற்றியும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுடுதண்ணிச் சட்டிக்கு மேல் சிறு பிள்ளையைக் குனிய வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தூரத்தில் சுடுதண்ணி வாளியை வைத்துக் குளியலறைக் கதவைச் சாத்தி, மகளை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் படிந்த ஆவியில் அவள் விரலால் கோடு கிழித்தாள். மூக்கு கொஞ்சம் இளகியது. பிறகு மறுபடி அடைத்தது.

எனக்கு அந்தச் சமயத்தில் பயத்தோடு கூடவே ஆராய்ச்சிக் குணமும் வந்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சளியின் நிறத்தை நேரம் போட்டு எழுதினேன். முதல் நாள் தண்ணீர், மூன்றாம் நாள் வெள்ளை, ஐந்தாம் நாள் மஞ்சள், பிறகு குறைவு. ஏன் படுத்தால் அடைக்கிறது, எழுந்தால் திறக்கிறது? ஒரு மூக்கு மட்டும் ஏன் அடைக்கிறது, அதுவும் பக்கம் மாறி மாறி? வகுப்பில் ஒரு பிள்ளையாவது இதை என்னிடம் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

நாலாம் நாள் எனக்கும் கணவருக்கும் வந்தது. சரி, வந்ததுதான் வந்தது, பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவருக்குக் கொத்தமல்லி இஞ்சித் தண்ணி. எனக்கு வெறும் சுடுதண்ணி. அதே அளவு, அதே கோப்பை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

"அப்ப நான் எலியா?" என்றார்.

"நான்தான் எலி. உங்களுக்கு மருந்து கிடைக்குது, எனக்கு வெறும் தண்ணிதானே."

மூன்றாம் நாள் மாலை இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூக்குத் திறந்தது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது முகத்தில் படும் ஆவிதான் இருவருக்கும் சுகமாக இருந்தது என்று பேசிக்கொண்டோம்.

"அப்ப கொத்தமல்லி சும்மாவா?"

"தெரியல. ரெண்டு பேர வச்சு ஒன்னும் சொல்ல ஏலாது. வேற வேற ஒடம்பு."

"ஆனா உன்னோட தண்ணிய யாரும் ரெண்டாவது கோப்பை கேக்க மாட்டாங்க," என்றார். அது உண்மை. கொத்தமல்லி வறுபடும் வாசத்துக்கே மகள் குசினிக்கு வந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். குடிக்க வைக்க முடிகிறது என்றால் அதுவும் மருந்துதானோ என்று எழுதிவைத்தேன்.

இப்படி எழுதிவைத்துக்கொண்டிருந்தவள், பிள்ளையின் தட்டில் என்ன இருந்தது என்று எழுதிவைக்கவில்லை. அதை எழுதியிருந்தால் ஒரு வாரம் முந்தியே எனக்கு விளங்கியிருக்கும்.

தட்டில் கஞ்சி இருந்தது. காலையில் அரிசிக் கஞ்சி, மத்தியானம் குழைத்த சோறும் கரட்டும், பின்னேரம் கஞ்சி. பிரிட்ஜைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பேன். முட்டை? கீழ் வீட்டு அக்கா வேண்டாம் என்றார். வாழைப்பழம்? அண்ணி. பால்? கடைக்காரர். பருப்பு? மறுபடி அக்கா. பூசணி? அண்ணி. எடுத்ததையெல்லாம் உள்ளே வைத்துவிட்டு அரிசியைக் கழுவுவேன். தடிமன் விட்டபிறகும் இருமல் முழுதாக விடவில்லை என்று இன்னும் ஐந்து நாள் அதையே தொடர்ந்தேன். மகள் கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். தடிமனால் பசி போய்விட்டது என்று நினைத்தேன்.

கிளினிக்குக்கு இன்னும் இரண்டு வாரமே இருந்த ஒரு பின்னேரம், மகளைக் கீழ் வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்வந்து பார்த்தால் ஒருவரையும் காணவில்லை. கீழே சத்தம் கேட்டது. படியிறங்கிப் போனேன். கீழ் வீட்டுக் குசினியில் பலகைக் கதிரையில் அக்காவின் மூத்த மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் மகள். கையில் பாதி உரித்த கோழிக்கூட்டு வாழைப்பழம். முகம் முழுக்கப் பழம். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுவிட நேரமில்லாதவள்போலத் தின்றுகொண்டிருந்தாள். மேசையில் உரித்த தோல் ஒன்று ஏற்கெனவே கிடந்தது.

"அக்கா, பழம்!" என்று கத்திவிட்டேன். "தடிமனுக்கு ஆகாதே!"

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பினார். "பழம் ஆகாதுண்டு நான் எப்ப சொன்ன? நான் முட்டையத்தானே வாணாம்டு சொன்ன."

"அண்ணி சொன்னாங்க."

"ஒங்கட அண்ணி முட்ட குடுக்கச் சொன்னாங்களா?"

நான் யோசித்தேன். "அவங்க முட்டையப் பத்தி..." சொன்னாரா?

"புள்ள ரெண்டாவது பழம் தின்னுது, தங்கச்சி. கோவிக்க வாணாம். நேத்தும் வந்து பேரீச்சம்பழம் நாலு திண்டுட்டுப் போனது. கொட்டய எடுத்து, நசிச்சுத்தான் குடுத்த. நீங்க மேல என்ன குடுக்கிற?"

தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை; விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக வாசித்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் மகளும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அல்லாஹ்வே. இது ஆரு எழுதித் தந்த? டொக்டரா?"

"நான்தான் எழுதினேன்."

"இதுல சோறு மட்டுந்தானே மிச்சம்!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இருங்க. இதுல நான் சொன்னது மூணோ நாலோதானே ஈக்கி. முட்ட வாணாம்டு சொல்லக்குள்ள, கோழிய அவிச்சு அந்தச் சூப்புல சோத்தக் கரைச்சு ஊட்டுங்க, பேரீச்சம்பழம் பாலுல ஊறப் போட்டுக் குடுங்கண்டும் சொன்னேனே. அது எங்க?"

அது எங்கேயும் இல்லை. அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் பால் கூடாது என்று கடைக்காரர் சொன்ன பிறகு அதை எப்படி எழுதுவது?

மேலே வந்து அண்ணிக்குப் போன் எடுத்தேன். பின்னால் யாரோ தேங்காயெண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, தடிமன் நேரம் என்ன குடுக்கச் சொன்னீங்க? வேணாம்கிறத இல்ல. குடுக்கச் சொன்னத."

"என்னம்மா புதுசா கேக்குற? முட்டைய அவிச்சு மொளகுத்தூள் போட்டு தெனம் ஒன்னு குடுன்னேன். முருங்கக்கீர சூப்பு. பருப்பு ரசம். பழத்தத் தள்ளிட்டா வவுத்துக்கு வேற என்னதான் போறது? குடுக்கலியா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. "குடுக்கிறேன் அண்ணி" என்றேன். அதுவும் பொய் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து கொடுக்கத்தான் போகிறேன்.

மறுநாள் கணவரைக் கூட்டிக்கொண்டு மூலிகைக் கடைக்கும் போனேன். அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். பஸ் வந்த அவசரத்தில் நான் கேட்காமல் விட்டது என்ன என்று கேட்கச் சொன்னேன். கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. மருந்து மூன்று நாளைக்குத்தான், அதற்கு மேல் கொடுக்காதீர்கள். நாலாம் நாளிலிருந்து எல்லாம் கொடுக்கலாம். மருந்து கொடுக்கும் நாட்களில் பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலில் கஞ்சி காய்ச்சி வாழைப்பழமும் கொடுங்கள் என்றுதான் சொன்னாராம். கணவர் மொழிபெயர்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்யாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நல்லவேளை.

மூன்று பேரும் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தார்கள். ஒரு வீட்டில் விலக்கியதை இன்னொரு வீடு ஊட்டியது. இந்த ஊரில் மூன்று விதமான ஆட்களும் பக்கத்தில் இருப்பதால் மூன்று பேரிடமும் கேட்க முடிகிறது. ஒரே விதமான ஆட்கள் இருக்கும் ஊரில் இருந்திருந்தால் இந்தத் தவறை என்னால் செய்திருக்கவே முடியாது. நான் மூன்று வீட்டின் 'வேண்டாம்'களைக் கூட்டி, மூன்று வீட்டின் 'கொடு'க்களையும் கழித்துவிட்டேன். விலக்குவதில்தான் கவனம் இருக்கிறது, கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது என்று என் மனம் எப்படியோ நம்பியிருந்தது.

அன்று மத்தியானம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் மூவரும் கொடுக்கச் சொன்னதை மட்டும் எழுதினேன். முட்டை, கோழிச் சூப்பு, முருங்கைக்கீரை, பருப்பு ரசம், பேரீச்சம்பழம், பால், தேங்காய்ப்பால் கஞ்சி, வாழைப்பழம். எழுதியதில் பாதி முன்பக்கத்திலும் இருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் சந்தேகம் வந்தது. அண்ணி சொல்வது சரியாக இருந்து, பழத்தால் சளி கூடினால்? முட்டையால் கட்டிப்பட்டால்? ஆனால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். முன்பு அங்கே ஒரு மடிப்பு இருந்தது.

முட்டை அவித்தேன். மஞ்சள் கருவை நெய்யில் மசித்துச் சோற்றோடு குழைத்தேன். மகள் ஒரு வாய் வாங்கி, நிறுத்தி, என்னைப் பார்த்து, வாயைத் திறந்தாள். பசி எங்கேயும் போகவில்லை. கஞ்சிதான் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

கொத்தமல்லியை நான் விடவில்லை. தடிமன் இல்லாத நாளிலும் பின்னேரம் அரைக் கோப்பை அவிப்பேன், எனக்கும் சேர்த்து. கீழ் வீட்டு அக்காவும் ஒரு புதுச் சட்டம் போட்டார். பாடசாலை விட்டு வந்ததும் மூன்று பிள்ளைகளும் பின்கட்டுப் பைப்படியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மாடிப்படி ஏறலாம். நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததை அவராகவே செய்தார். "எங்கடவங்க ஸ்கூல்ல ஈந்து என்னத்தயெல்லாம் அள்ளிட்டு வாறாங்கண்டு எனக்குத் தெரியாதா?" என்றார். மூக்கு ஒழுகும் நாளில் படியே ஏறக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அன்றைக்கு மூன்றும் கீழ்ப்படியில் வரிசையாக நின்று என் மகளுக்குக் கைகாட்டும். இவள் மேல்படியின் கேட்டைப் பிடித்து ஆட்டுவாள்.

கிளினிக் நாள் வந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அன்று காலை எழும்பும்போதே மகள் மூன்று முறை தும்மினாள். மேலுதட்டில் தெளிந்த நீர். குடையைப் பிடித்துக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தூறலில் நடந்தபோது எனக்கு அழுகை வந்தது. நான்கு வாரமும் வீண் என்று தோன்றியது. லெட்டர், பெரியாஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை என்று மனம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.

கிளினிக் மண்டபத்தில் பதினைந்து அம்மாமார் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. கம்பியில் தொங்கும் வட்டத் தராசில் துணிக் காற்சட்டை மாதிரி ஒன்று மாட்டியிருக்கும். பிள்ளையின் கால்களை அதற்குள் விட்டுத் தொங்கவிட்டால் முள் ஆடும். என் மகளுக்கு அது பிடிக்காது. கை கால்களை உதைத்தாள். முள் நிற்கவே இல்லை. மிஸ் ஒரு விரலை அவளிடம் நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அடங்கினாள். முள்ளும் அடங்கியது. மிஸ் குனிந்து பார்த்தார். நான் பார்க்கவில்லை.

மேசைக்கு வந்து புத்தகத்தை விரித்தார். பக்கத்தில் லெட்டர் எழுதும் படிவக் கட்டு இருந்தது. பேனையை எடுத்துப் புள்ளி வைத்தார். ரூலரை வைத்துக் கோடு இழுத்தார்.

"ஆ, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "ஏறியிருக்கு."

குனிந்து பார்த்தேன். ஒரு சின்னக் கட்டமும் கொஞ்சமும். முழுசாகப் பச்சைக்குள் வரவில்லை. ஆனால் படுத்திருந்த கோடு தலையைத் தூக்கியிருந்தது.

"லெட்டர் வேணாமா மிஸ்?"

"இப்ப வேணாம். அடுத்த மாசம் கட்டாயம் வரணும், பாக்கணும்." அவர் படிவக் கட்டைத் தள்ளிவைத்தார். "அம்மா என்ன செஞ்சது?"

சொன்னேன். தாளைப் பற்றி, மூன்று வீட்டைப் பற்றி எல்லாம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மிஸ் பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை. "நிறைய அம்மா இப்படித்தான்," என்றார். "எல்லாரும் பாசத்துல சொல்றது. அம்மா எல்லாத்தையும் சேத்துக்கிறது."

"ஆனா மிஸ், இன்னைக்குத் தடிமன் வந்திருக்கு. இவ்வளவு செஞ்சும்."

"தடிமன் வரும். சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு எத்தனையோ தரம் வரும். வரட்டும். சாப்பாடு நிப்பாட்டாம இருந்தா கோடு விழாது."

"தடிமனுக்கு என்ன குடுக்கலாம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. பின்னால் நின்ற ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மிஸ்ஸும் இந்தத் தடவை சிரித்துவிட்டார்.

"இன்னும் கேக்கணுமா?"

வெளியே வந்து, கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்று கணவருக்குப் போன் எடுத்தேன். மாநகர சபைக் கந்தோரில் இருந்ததால் தாழ்ந்த குரலில் பேசினார்.

"என்னாச்சு?"

"ஏறிடுச்சு."

"எவ்வளவு?"

"ஒரு கட்டம். கொஞ்சம் கூட."

அவர் மூச்சு விட்டது கேட்டது. அவரும் பயந்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு வாரமும் கேலி செய்துகொண்டே இருந்த மனிதர்.

"தடிமன்?"

"அதுவும் வந்திருச்சு. காலையில தும்மினா."

"சரி," என்றார். "வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்?"

மகள் என் தோளில் மூக்கைத் தேய்த்தாள். அண்ணியையும் கீழ் வீட்டு அக்காவையும் நினைத்துப் பார்த்தேன். ஒருவர் சந்தோஷப்படுவார், இன்னொருவர் கோபப்பட மாட்டார் என்று தோன்றியது.

"முட்டை," என்றேன். "பத்து."